பழவேற்காட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கும்மிடிப்பூண்டியில் வேலை செய்கிறவனுக்கு ரயிலில்தான் தூக்கம் என்று எங்கள் பக்கத்தில் நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கையிலும் உண்மை இல்லாமல் இல்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் உலைகளுக்கு இரவு, பகல் என்ற பேதம் கிடையாது. இரவு முறை முடித்துக் காலை வண்டியில் ஏறுகிற தமிழரும், ஒரியரும், பீஹாரிகளும் உட்கார்ந்த மாத்திரத்தில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்கிவிடுகிறார்கள். சென்ற ஞாயிற்றுக்கிழமை அத்தகைய வண்டி ஒன்றில், அந்த உறக்கத்தைக் கலைக்காமல் ஓரமாக நின்றபடி, நானும் என் நண்பரும் பொன்னேரிக்குப் புறப்பட்டோம்.

நான் சரித்திர வாத்தியார். நண்பர் அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பிறப்பிலேயே கத்தோலிக்கர். மூன்று வருஷங்களுக்கு முன் அவருடைய ஒரே மகள் பதினாறாவது வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். அதன் பிறகு வெகுகாலம் அவர் கோயில் வாசலை மிதிக்கவில்லை. வீட்டுக்குப் போக அஞ்சி, இரவு பத்து மணி வரையில் யார் பிள்ளைக்காவது கணக்குச் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருப்பார். பிறகு எப்படியோ தேறினார். எப்படி என்று நான் கேட்டதில்லை. போன வாரம் அவராகவே, "வாருங்கள் ஸார், நான் தூங்கின இடத்தைக் காட்டுகிறேன்" என்றார். இப்படி விநோதமாக அழைத்தால் யார்தான் மறுப்பார்கள்?

பொன்னேரியில் இறங்கிப் பஸ் ஏறினோம். நெல் வயல்கள் தீர்ந்து, மண் வெளுத்து, காற்றில் உப்பு வாடை வீசத் தொடங்கினால் பழவேற்காடு நெருங்கிவிட்டது என்று பொருள். ஏரி என்று பெயரே தவிர, அது கடலின் தங்கை. நம் நாட்டு உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்த பெரியது. கரையில் படகுகளும், உலரும் வலைகளும், தூரத்தில் நாரைக் கூட்டமும். இந்த அழகை வர்ணிக்கப் புகுந்தால் வந்த காரியம் நின்றுவிடும்.

சரித்திர வாத்தியாரின் பிடிவாதத்தால் முதலில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். நுழைவாயிலின் இரு புறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே 70-க்கு மேற்பட்ட சமாதிகள். பதினேழாம் நூற்றாண்டுக் கற்களில் எழுத்துக்களும் குலச் சின்னங்களும் இன்றும் தெளிவாக இருக்கின்றன. டச்சுக் கம்பெனியார் இங்கே 1613-ல் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டி முடித்தார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரையில் சோழமண்டலக் கரை முழுவதற்கும் இதுவே அவர்களுடைய தலைமை ஸ்தானம். இன்று கோட்டை இருந்த இடத்தில் புதர்தான் மண்டிக் கிடக்கிறது.

துணியும் வெடிமருந்தும் மட்டுமா இங்கிருந்து கப்பலேறின? 1621-க்கும் 1665-க்கும் இடையில் இந்தக் கரையிலிருந்து அடிமைகளாக ஏற்றப்பட்டவர்கள் சுமார் 38,000 பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பஞ்ச காலங்களில் பெற்றோரே பிள்ளைகளை விற்றார்கள். அவர்கள் பத்தேவியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். போகிற வழியில் மாண்டவர்களும் உண்டு. அவர்களுக்குக் கல்லறை ஏது?

என் மனத்தில் வெகுநாளாகக் குமைந்து கொண்டிருந்ததை அங்கே கேட்டுவிட்டேன். "இவர்களும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெபம் செய்தவர்கள்தானே? உங்களுக்கு அமைதி தந்த அதே விசுவாசம் இவர்கள் கையை ஏன் தடுக்கவில்லை?"

நண்பர் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு சமாதியின் மீது கிடந்த சருகுகளைக் கையால் ஒதுக்கினார். "தடுத்திருக்க வேண்டும் ஸார். எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் கும்பிடுகிறவரையும் சிப்பாய்கள்தான் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். கோட்டைக்குள் அவரைத் தேடினால் கிடைக்கமாட்டார். அந்தக் கப்பலின் அடித்தட்டில் தேட வேண்டும்."

வாதம் என்ற முறையில் இது எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. இங்ஙனம் சொல்லி எந்தப் பாவத்திலிருந்தும் எந்த மதமும் தப்பித்துக்கொள்ளலாமே! ஆயினும், குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தகப்பன், பிள்ளைகளை விற்ற தகப்பன்மாரை நினைத்து அதைச் சொல்கிறார் என்பது உறைத்தபோது மேலே பேச எனக்கு நா எழவில்லை.

நியாயத்துக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே கோட்டையில் 1632 முதல் பத்து ஆண்டுகள் பாதிரியாக இருந்தவர் அபிரகாம் ரோஜர். அவர் பத்மநாபன் என்ற பிராமணரை அணுகி, நம் சாஸ்திரங்களையும் ஆசாரங்களையும் பொறுமையோடு கேட்டு எழுதினார். அவர் இறந்த பின் 1651-ல் ஹாலந்தில் வெளியான அந்த நூலில் பர்த்ருஹரியின் நீதி, வைராக்கிய சதகங்கள் டச்சு மொழியில் இடம் பெற்றன. வெடிமருந்துக் கிடங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மனிதர்கள் வைராக்கியத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்!

பிறகு மகிமை மாதா கோயிலுக்குப் போனோம். 1515-ல் போர்த்துக்கீசியர் எழுப்பியது என்பது வழிவழியாக வரும் செய்தி. இப்போது நிற்கும் கட்டடம் அண்மைக் காலத்தது. பூசை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. மீன்கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்த ஒரு கிழவி முழந்தாளிட்டிருந்தாள். கடைசி வரிசை பெஞ்சியைத் தொட்டு, "இதுதான்" என்றார் நண்பர்.

மகள் இறந்த அடுத்த வருஷம், திசை தெரியாமல் பஸ் ஏறி ஒரு சாயங்காலம் இங்கே வந்தாராம். சண்டை போடத்தான் வந்தாராம். "ஏன் என்று கேட்டேன். பதில் வரவில்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்தபோது, இத்தனை பாரத்தையும் நான் ஒருவனே தூக்க வேண்டியதில்லை என்று தோன்றிற்று. அவ்வளவுதான் ஸார். அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டேன். பதினான்கு மாதத்தில் அதுதான் முதல் தூக்கம்."

விழித்தபோது நன்றாக இருட்டிவிட்டிருந்தது. கோயிற்பிள்ளை கதவைச் சாத்தாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். எழுப்பவுமில்லை, யார் என்று கேட்கவுமில்லை. கடைசிப் பஸ் போய்விட்டது என்று மட்டும் சொல்லி, தம் வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு போட்டாராம்.

"துக்கம் தீர்ந்துவிட்டதா?" என்றேன்.

"எப்படித் தீரும்? அவளை மறுபடி பார்ப்பேன் என்று நம்புகிறேன். அதுவரையில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறவன் தூங்கலாம், இல்லையா?"

நான் அந்த நம்பிக்கையில் பிறந்தவன் அல்லன். அதைத் தேடிப் போனவனும் அல்லன். எனினும் அந்தப் பெஞ்சியில் கால் மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கிழவி எழுந்து கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.

மாலையில் பொன்னேரியில் வண்டி ஏறினோம். இரவு முறைக்குப் போகிற ஆட்கள் சோற்றுப் பாத்திரங்களோடு நிறைந்திருந்தார்கள். அவர்களில் ஓர் இளைஞன் எழுந்து நண்பருக்கு இடம் கொடுத்தான். கவரைப்பேட்டை வருவதற்குள் அவர் அந்தப் பையன்களில் ஒருவன் தோளில் சாய்ந்து உறங்கிப்போனார். கும்மிடிப்பூண்டியில் நான்தான் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.