ஒரே ஒரு காரணம்

"மச்சான், கடவுள் இருக்கிறார் என்று நீங்கள் நம்புவதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள்."

என் தங்கையின் கணவர் என்னிடம் இவ்வாறு கேட்டது 2005-ஆம் ஆண்டு சனவரி இறுதியில். அவருடைய மகனுக்காக ஒப்புக்கொடுக்கப்பட்ட முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து, உறவினர் உணவருந்திச் சென்ற பின்னர், திண்ணையில் நாங்கள் இருவர் மட்டும் அமர்ந்திருந்தோம். அவர் குரலில் ஏளனம் இல்லை. விடை கிடைத்தால் எப்படியாவது வாழ்ந்துவிடலாம் என எண்ணும் ஒருவரின் குரலாக அது ஒலித்தது.

அன்று நான் அளித்த விடை தவறானதன்று. அளித்த முறையே தவறு. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது என் நெஞ்சை உறுத்தி வருகிறது. இதே கேள்வி இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் எழுகின்றது. கல்லூரி விடுமுறைக்கு வரும் மகன் கேட்கிறான். மருத்துவமனைக் கட்டிலருகே கண்விழித்திருக்கும் மனைவி கேட்கிறாள். ஆகவே நான் தாமதமாகக் கற்ற பாடத்தை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருவிழா. தங்கையின் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. கைக்குழந்தையாய் இருந்தபோது கடுங்காய்ச்சலில் கிடந்த அவனுக்காக அவள் நேர்ந்திருந்த முடிக் காணிக்கையைச் செலுத்த, கிறிஸ்மஸ் அன்றிரவே திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டனர். காலையில் முடி இறக்கிச் சந்தனம் பூசியாயிற்று. தாய் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டிருந்த வேளையில், கடலைப் பார்க்க வேண்டுமென்று அடம்பிடித்த பிள்ளையைத் தந்தை கைப்பிடித்துக் கரைக்கு அழைத்துச் சென்றார். ஒன்பது மணி அளவில் கடல் எழுந்து வந்தது. பிடித்திருந்த கை நழுவியது. தந்தையை ஒரு கடைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுச் சென்ற நீர், மகனை இழுத்துக்கொண்டது. இரண்டாம் நாள்தான் உடல் கிடைத்தது.

அந்தப் பிள்ளைக்கு நான் தாய்மாமன் மட்டுமல்லன், ஞானத் தந்தையுமாவேன். திருமுழுக்குத் தொட்டியருகே நின்று, அவன் பெயரால் "விசுவசிக்கிறேன்" என்று மும்முறை சொன்னவன் நான்.

அடக்கத்துக்கு வந்த உறவினர் ஒருவர், ஆறுதல் கூறுவதாக எண்ணிக்கொண்டு, "பேராலயத்துக்குள் தண்ணீர் புகவே இல்லையாமே! மாதாவின் புதுமையைப் பாருங்கள்" என்றார். அந்நாள்களில் பலரும் அவ்வாறு பேசினர். மைத்துனர் அப்போது வாய் திறக்கவில்லை. பின்னர் என்னிடம், "கட்டிடத்தைக் காத்தவருக்கு என் பிள்ளையைக் காக்க முடியாமற் போயிற்றா, மச்சான்?" என்று மட்டும் கேட்டார். அதன்பின் அவர் கோவிலுக்குள் அடியெடுத்து வைக்கவில்லை. முப்பதாம் நாள் திருப்பலியின்போதுகூட வெளியே வேப்பமரத்தடியில்தான் நின்றிருந்தார்.

அத்தகையவர் கேட்ட கேள்விக்கு நான் என்ன விடை அளித்தேன்? முப்பத்திரண்டு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். எனவே பாடம் நடத்தத் தொடங்கினேன். படைப்பைக் கண்டு, மனித அறிவின் இயல்பான ஒளியாலேயே இறைவனை உறுதியாக அறியலாம் என 1870-இல் முதல் வத்திக்கான் சங்கம் கற்பித்ததை எடுத்துரைத்தேன். புனித அக்குவினா தோமையார் காட்டிய ஐந்து வழிகளை ஒவ்வொன்றாக விளக்கினேன். "வயலுக்கு நீர் வாய்க்காலிலிருந்து வருகிறது, வாய்க்காலுக்கு வேறொரு வாய்க்காலிலிருந்து வருகிறது. இப்படி ஆயிரம் வாய்க்கால்களை இணைத்தாலும், எங்கோ ஓர் ஊற்று இல்லையெனில் ஒரு வயலும் நனையாது. அவ்வாறே, தன்னிலே தான் இருக்கும் ஒருவர் இல்லையெனில் எதுவுமே இருக்க முடியாது" என்றேன். பேரண்டம் விரிவடைந்து வருகிறது என 1927-இல் கணித்து, 1931-இல் அது ஓர் ஆதி அணுவினின்று தோன்றியதென்னும் கருத்தை வெளியிட்டவர் ஜார்ஜ் லெமேத்ர் எனும் பெல்ஜிய நாட்டுக் குருவே என்பதையும் பெருமையோடு கூறினேன்.

மைத்துனர் பொறுமையாகக் கேட்டார். முடிவில், "உலகைப் படைத்தவர் ஒருவர் இருக்கிறார் என்கிறீர்கள். அந்தக் கடலையும் அவர்தானே படைத்தார்?" என்று சொல்லி எழுந்து உள்ளே சென்றுவிட்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் வாதங்கள் பொய்யா? அல்ல என்றே இன்றும் உறுதியாக நம்புகிறேன். அப்படியாயின் அவை ஏன் அவரைத் தொடவில்லை? விடை தேடி, நான் மேற்கோள் காட்டியவர்களையே மீண்டும் படிக்கலானேன்.

முதலில் அக்குவினா தோமையார். ஐந்து வழிகளைத் தொடங்குமுன் அவர் எதை எழுதியிருக்கிறார் என்பதை நான் மறந்திருந்தேன். எல்லையற்ற நன்மையே ஆன இறைவன் இருந்தால் தீமை இருக்கலாகாது, தீமையோ இருக்கிறது, எனவே இறைவன் இல்லை எனும் தடையைத்தான் அவர் முதன்முதலில் எழுதி வைக்கிறார். என் மைத்துனரின் கேள்விக்கு அந்த மாமேதை முதலிடம் கொடுத்திருக்கிறார். நானோ அதைத் தாண்டிக் குதித்து விடைக்கு ஓடிவிட்டேன். மேலும், 1273 டிசம்பரில் திருப்பலி நிறைவேற்றியபோது பெற்ற ஓர் அனுபவத்துக்குப்பின், தாம் எழுதியவையெல்லாம் வைக்கோலுக்கு ஒப்பானவை எனக் கூறி அவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார் என்பது வரலாறு. வைக்கோல் பயனற்றதன்று. ஆனால் பசித்தவனுக்கு முன் வைக்கோலைப் பரப்பினால் அவன் எதை உண்பான்?

அடுத்து லெமேத்ர். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், பேரண்டத்தின் தொடக்கம் பற்றிய அறிவியல் கருத்தைப் படைப்பைப் பற்றிய நம் போதனையோடு இணைத்துப் பேசினார். அதைக் குருவாகிய லெமேத்ர் விரும்பவில்லை. அறிவியல் கோட்பாடு நாளை மாறக்கூடும். அதன்மேல் விசுவாசத்தைச் சாய்த்து வைக்கலாகாது என்பதில் அவர் கவனமாயிருந்தார். அவர் பெயரை ஆயுதம்போல் சுழற்றிய எனக்கு அது நல்ல பாடமாயிற்று.

அறிவியல் எதை விளக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தேன். அன்று காலை 6.28 மணிக்குச் சுமத்திராத் தீவின் அருகே கடலடித் தட்டுகள் நழுவின. அலை நம் கரையை அடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்தியப் பெருங்கடலில் அன்று ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு கிடையாது. நம் நாட்டுக்கான மையம் ஐதராபாத்தில் 2007-இல்தான் ஏற்பட்டது. இரண்டரை மணி நேரம் என்பது ஒரு கரையையே காலி செய்யப் போதுமான நேரம். ஆகவே மனிதர் செய்திருக்கக்கூடியதைச் செய்யாமல் இருந்துவிட்டு, அனைத்தையும் 'ஆண்டவர் சித்தம்' என்பது நியாயமன்று. ஆயினும் இவ்விளக்கமும் ஒரு தந்தையின் வெறுங்கையை நிரப்பாது.

இக்கேள்வி புதிதுமன்று. 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருவிழாவன்று, லிஸ்பன் நகரக் கோவில்களில் மக்கள் நிறைந்திருந்த வேளையில் நிலம் நடுங்கியது, கடலும் பொங்கியது. பல்லாயிரவர் மடிந்தனர். ஐரோப்பிய அறிஞர் பலர் அன்று கேட்டதைத்தான் என் மைத்துனர் திண்ணையில் கேட்டார். அவர்களுக்கும் முன்னரே யோபு கேட்டுவிட்டார்.

யோபு ஆகமத்தைத் திறந்தபோதுதான் என்னையே அதில் கண்டேன். பிள்ளைகளை இழந்து சாம்பலில் அமர்ந்திருந்த யோபுவிடம் வந்த நண்பர்கள், முதல் ஏழு நாள்கள் பேசாமல் உடனமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பின்னர் கடவுளுக்காக வழக்காட வாய் திறந்தனர். இறுதியில் ஆண்டவர் யாரைக் கடிந்துகொண்டார்? முறையிட்ட யோபுவை அன்று. தமக்காக வாதாடிய நண்பர்களையே கடிந்துகொண்டார். தம்மைக் குறித்து யோபு பேசியதே சரியென்றும் தீர்ப்புக் கூறினார். நான் அந்த நண்பர்களுள் ஒருவன்.

இங்கே எனக்கு மற்றொரு காரணமும் புலனாயிற்று. "இது அநியாயம்" என்று மைத்துனர் கொதித்தார். அலைக்கு நியாயம் தெரியாது; தட்டுகளுக்கு இரக்கம் கிடையாது. உலகில் அவை மட்டுமே உண்டெனில், யாரிடம் அவர் நியாயம் கேட்கிறார்? எவரும் கேளாத இடத்தில் மனிதன் முறையிடுவதில்லை. கடமையை உணர்த்தும் மனச்சான்றின் குரலிலேயே இறைவனைக் கண்டுகொள்ளலாம் என்றார் கர்தினால் நியூமன். அவர் 2019-இல் புனிதராக உயர்த்தப்பட்டவர். மைத்துனரின் கோபத்திலும் அதே குரலை நான் கேட்டேன். அவருடைய சினம் என் வாதத்தைவிட மேலான செபமாக இருந்திருக்கலாம். ஆனால் இதை அவரிடம் நான் சொல்லவில்லை. அடிபட்டவரின் அழுகையைப் பறித்து அதையே அவருக்கு எதிரான சான்றாக்குவது கொடுமையல்லவா?

அவ்வாண்டு தவக்காலத்தில் ஒரு மாலை தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவள் பிள்ளையின் படத்தடியில் அமர்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். முடித்த பின், "உன்னால் எப்படியம்மா செபிக்க முடிகிறது?" என்று கேட்டேன்.

அவள் மணிகளைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டே, "மாதாவும் பிள்ளையைப் பறிகொடுத்தவள்தானே, அண்ணே? அவளை விட்டால் நான் வேறு யாரிடம் போய் இதைப் பேசுவேன்?" என்றாள்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் என் தங்கை. நான் தேடிய விடையை அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். கிறிஸ்தவன் விசுவசிப்பது வெறும் 'முதற் காரணத்தை' அன்று. படைத்த உலகின் துன்பத்தை அப்பால் நின்று பாராமல், மனிதனாகி, ஆணிகளை ஏற்று, தாயின் மடியில் பிணமாய்க் கிடந்தவரையே நாம் கடவுள் என்கிறோம். ஏன் துன்பம் என்பதற்குக் கல்வாரி விளக்கம் கூறவில்லை. அதில் நம்மைத் தனியே விடவுமில்லை.

அது வெறும் உருக்கமான கதைதானா என்று நான் பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். பிலாத்துவின் ஆட்சியில் கிறிஸ்து கொல்லப்பட்டதை விசுவாசியல்லாத உரோமை வரலாற்றாசிரியர் தாசித்துவும் எழுதி வைத்துள்ளார். உயிர்த்த ஆண்டவரைக் கண்ட ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோருள் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கின்றனர் என்று, நிகழ்ந்து ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்குள்ளேயே, கொரிந்தியருக்குப் புனித சின்னப்பர் எழுதினார். கேட்டு அறிய விரும்புவோர் கேட்கலாம் என்பதே அதன் பொருள். மும்முறை மறுதலித்து ஓடிய இராயப்பர் பின்னர் உரோமையில் உயிரையே கொடுத்தார். வெறுங்கல்லறையன்றி வேறொன்றையும் காணாத அச்சம் நிறைந்த மனிதர் இவ்வாறு மாறுவரோ? கிறிஸ்து உயிர்க்கவில்லையெனில் நம் விசுவாசம் வீண் என்பதைச் சின்னப்பரே ஒப்புக்கொள்கிறார். உயிர்த்தார் எனில், என் ஞானப் பிள்ளையைக் கடல் கடைசியாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மைத்துனரிடம் சென்றேன். "மாப்பிள்ளை, அன்று நீங்கள் கேட்டதற்கு நான் பாடம் நடத்தினேன். என்னை மன்னியுங்கள்" என்றேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டார். நெடுநேரம் இருவரும் பேசவில்லை. பின்னர் அவரே பேசத் தொடங்கினார். அன்று கரையில் தமக்குத் துணி கொடுத்துப் போர்த்தியவர் யாரென்று இன்றுவரை தெரியாது என்றார். பரங்கிப்பேட்டை இசுலாமியச் சகோதரர்கள் வீடிழந்த மீனவர்க்கு நாள்தோறும் சமைத்துப் போட்டதைப் பற்றிக் கேள்விப்பட்டதையும் சொன்னார். நான் அதை வாதமாக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இறைமறுப்புத் தோன்றுவதில் விசுவாசிகளுக்கும் பங்கு உண்டு என 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. நம் எதிர்நோக்குக்குக் காரணம் கேட்போருக்கு விடையளிக்க ஆயத்தமாயிருக்கச் சொல்லும் புனித இராயப்பர், அதைச் சாந்தத்தோடும் மரியாதையோடும் செய்யச் சொல்கிறார். முற்பகுதியை நான் மனப்பாடம் செய்திருந்தேன். பிற்பகுதியைக் கற்க ஒரு பிள்ளையின் சாவு தேவைப்பட்டது. பெற்றோரே, விசுவாசத்தின் காரணங்களை உங்கள் பிள்ளைகளுக்கு நல்ல நாள்களிலேயே கற்றுக்கொடுங்கள், அவை வலிமையானவை. ஆனால் துக்க வீட்டில் அவற்றைச் சுமந்து செல்லாதீர்கள். அங்கே உடனமர்ந்திருங்கள், அது போதும்.

என் மைத்துனர் இன்றும் கோவிலுக்குள் வருவதில்லை. ஞாயிறுதோறும் தங்கையை அழைத்து வந்து விட்டுவிட்டு, அதே வேப்பமரத்தடியில் காத்திருக்கிறார். சென்ற டிசம்பர் 26 அன்று நானும் திருப்பலி முடிந்து அங்கே சென்று நின்றேன். நரைத்த தலையைத் தடவியவாறே, "மச்சான், அவர் இருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. இருந்தால், அவரிடம் நான் ஒன்று கேட்க வேண்டும்" என்றார்.

"கேளுங்கள், மாப்பிள்ளை. நானும் உங்கள் பக்கத்தில் நின்று கேட்பேன்" என்றேன்.

வாசகர்களே, உங்கள் செபங்களில் அவரையும் நினைவுகூர வேண்டுகிறேன்.