தப்புத்தப்பா பேசும் துப்பறிவாளர்!

முட்டை மாதிரி தலை, முறுக்கிவிட்ட மீசை, தூசி படாத ஷூ, குட்டிக்குட்டி அடி வெச்சு ஒரு நடை. ஹீரோவுக்கான லட்சணம் ஒண்ணுகூட இல்லை. ஆனாலும் பிடிச்ச ஹீரோ யார்னு கேட்டா, யோசிக்காம சொல்வேன்... ஹெர்க்யூல் புவாரோ!

அகதா கிறிஸ்டி படைத்த இந்தத் துப்பறிவாளரை பிரிட்டனின் ஐ.டி.வி. 1989-ல் சின்னத்திரைக்குக் கொண்டுவந்தது. 2013-ல் முடியும்வரை மொத்தம் 70 எபிசோட். 24 வருஷமும் புவாரோவாக ஒரே நடிகர்... டேவிட் சூஷே. நமக்கெல்லாம் ஹாஸ்டல் ரூம், நண்பனின் லேப்டாப், கீழே சப்டைட்டில்!

கொலைகாரன் யாருங்கிற சஸ்பென்ஸைவிட என்னை உட்கார வெச்சது வேற விஷயம். புவாரோ இங்கிலாந்துக்காரர் இல்லை. பெல்ஜியம் போலீஸில் இருந்தவர். முதல் உலகப் போர் சமயத்தில் இங்கிலாந்துக்கு அகதியாக வந்தவர். 'நீங்க பிரெஞ்சுக்காரர்தானே?' என்று ஆளாளுக்குக் கேட்பாங்க. 'இல்லை, பெல்ஜியம்!' என்று சளைக்காமல் திருத்துவார். கதை லண்டனைத் தாண்டி எகிப்து, மெசபடோமியா என்றும் போகும். 2004-ல் வந்த 'டெத் ஆன் த நைல்' பாருங்க. நைல் நதிக் கப்பல், பணக்காரப் பயணிகள், ஒரு கொலை, கப்பல் நிறையப் பொய். அந்த ஊரில் எல்லோருமே வெளியூர்தான். ஆனா, புவாரோ எந்த ஊரிலும் வெளியூர்!

'த்ரீ ஆக்ட் டிராஜடி' நாவலின் முடிவில் ஒருத்தர் கேட்பார்... 'சில நேரம் இங்கிலீஷ் சரளமா வருது, சில நேரம் தடுமாறுறீங்களே, ஏன்?' வேணும்னேதான் தடுமாறுகிறாராம் மனுஷர்! 'இங்கிலீஷே வராத ஆளு, இவனுக்கு என்ன தெரியப்போகுது'னு எதிராளி அசந்துடுவான். அப்ப உண்மை தானா வெளியே வரும்!

இன்னொரு வேடிக்கை. சூஷே பிறந்ததே லண்டனில்! கதைகளைப் படிச்சுப் படிச்சு, டீக்கு எத்தனை சர்க்கரைக் கட்டி என்பது வரை 93 குறிப்புகள் எழுதி வெச்சுக்கிட்டார். இங்கிலீஷ்காரர் ஒருத்தர் 24 வருஷம் இங்கிலீஷை வெளிநாட்டுக்காரர் மாதிரி பேசக் கஷ்டப்பட்டிருக்கார்!

நம்ம கதை தலைகீழ். குரூப் டிஸ்கஷனில் ஒரு 'ஹி டோன்ட்' தவறி விழுந்ததும், அப்புறம் வாயே திறக்காத தமிழ் மீடியம் நண்பர்களைப் பார்த்திருக்கேன். பாயின்ட் முழுக்க அவங்ககிட்டதான் இருக்கும். பேர் வாங்குறது பக்கத்து நாற்காலி!

அதுக்காக இன்டர்வியூவில் வேணும்னே உளறச் சொல்லலை. புவாரோவுக்கு அது செட் ஆகும், அவர் வேலை தேடலை! இங்கிலீஷைக் கத்துக்கலாம், கத்துக்கணும். ஆனா, கத்துக்கிற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை.

கடைசிக் காட்சியில் எல்லோரையும் ஹாலில் உட்காரவெச்சு புவாரோ பேச ஆரம்பிப்பார். அப்ப ஒருத்தர்கூட அவர் கிராமரைத் திருத்துறதில்லை. ஏன்னா, கொலைகாரன் யாருன்னு அவருக்குத்தானே தெரியும்!