இரண்டு லீவர், இரண்டு பெடல்

1979இல் வந்த ‘மொபைல் சூட் கன்டாம்’ தொடரின் முதல் அத்தியாயம். ஆமுரோ ரே என்ற பையன் 18 மீட்டர் உயர ரோபோவுக்குள் ஏறி உட்கார்ந்து, கண்டெடுத்த கையேட்டைப் புரட்டிக்கொண்டே அதை ஓட்டிவிடுகிறான். ராட்சத ரோபோ அனிமே பிடிக்காதவர்கள் கேலி செய்வதற்கென்றே வைத்திருக்கும் காட்சி. எனக்கென்னவோ இதில் பெரிய பொய் இருப்பதாகப் படவில்லை. அதே ரோபோ முதுகில் தீ கக்கிக்கொண்டு சீறும்போது யாரும் வாய் திறப்பதில்லை. புளுகு முக்கால்வாசி அங்கேதான்.

*

1984 பிப்ரவரியில், விண்கலத்தோடு எந்தக் கயிறும் பிணைக்காமல் முதன்முதலாக மிதந்து போனவர் புரூஸ் மெக்கேண்டில்ஸ். அவர் முதுகில் மாட்டியிருந்த எம்எம்யூ என்ற கருவி முதுகும் கைகளும் மட்டும் உள்ள நாற்காலி போலிருக்கும். நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சும் 24 சின்ன திரஸ்டர்கள் அதில் உண்டு. ஓட்டுவதற்கு இரண்டே கைப்பிடி. முன்னே பின்னே, மேலே கீழே, பக்கவாட்டில் நகர இடது கை. உடம்பைத் திருப்ப வலது கை. எந்த திரஸ்டர் எப்போது பீய்ச்ச வேண்டும் என்ற கவலை அவருக்கு இல்லை, அதைக் கருவியின் மின்னணுவியல் பார்த்துக்கொண்டது.

24 திரஸ்டருக்கு இரண்டு கைப்பிடி போதும் என்பது அப்போதே நிரூபணமாகிவிட்டது. கூடவே ஒரு சிக்கலும் தெரிகிறது. பறப்பதற்கே இரண்டு கையும் போய்விடுகிறது. ஸ்பேனர் பிடிக்கக் கை வேண்டுமென்றால், ‘இப்படியே திரும்பாமல் நில்’ என்று கருவியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கைப்பிடியை விட முடியும். அதற்கென்றே ஒரு தானியங்கி வசதி வைத்திருந்தார்கள்.

கன்டாம் பைலட்டோ அதே இரண்டு லீவரை வைத்துக்கொண்டு பறக்கிறான், குறி பார்க்கிறான், கேடயம் தூக்குகிறான், ஐந்து விரலையும் தனித்தனியாக மடக்குகிறான். உந்துவிசையைப் பெடலுக்குத் தள்ளிவிட்டாலும் கணக்கு இடிக்கிறது. ஒரு வழிதான் இருக்கிறது. பைலட் ‘அவனை வெட்டு’ என்பதை மட்டும் சொல்ல வேண்டும். தோள் எத்தனை டிகிரி, முழங்கை எத்தனை டிகிரி என்பதெல்லாம் கணினியின் பாடு. தொடரிலேயே இதற்காக ‘கற்கும் கணினி’ ஒன்று வருகிறது. சண்டைக்குச் சண்டை அனுபவம் சேர்ந்து ரோபோவின் அசைவு தேறுகிறது. அப்படியொன்று உள்ளே இருந்தால் கையேட்டைப் பார்த்து ஓட்டுவது அவ்வளவு அபத்தமில்லை.

*

மாசிங்கர் இசட் (1972) வந்த பிறகுதான் ஓட்டுபவன் ரோபோவின் தலைக்குள் ஏறி உட்காருவது வழக்கமானது. அதற்கு முந்தைய டெட்சுஜின் 28இல் சிறுவன் கையில் ரிமோட் பெட்டி மட்டும். அந்தப் பெட்டியிலும் இரண்டு லீவர்! காக்பிட் வருவதற்கு முன்பே லீவர் வந்துவிட்டது.

*

கன்டாம் சீட் (2002) தொடரில் கிரா யமட்டோ சண்டை நடுவே கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டு ரோபோவின் இயங்குதளத்தையே திருத்தி எழுதுகிறான். எதிரி கத்தியோடு நிற்கும்போது புரோகிராம் எழுதுவது சினிமாத்தனம்தான். ஆனால் நோய் எந்த இடத்தில் என்று சரியாகக் கை வைத்திருக்கிறார்கள். தடுமாறும் ரோபோவுக்குப் புது லீவர் போட்டுப் பயனில்லை.

*

இனி முதுகுப் பக்கம். ஆர்எக்ஸ்-78-2 கன்டாமின் அதிகாரபூர்வ விவரம்: வெறும் எடை 43.4 டன், முழு எடை 60 டன், மொத்த உந்துவிசை 55,500 கிலோ.

முழு எடையைவிட உந்துவிசை குறைவு என்பது முதலில் கண்ணில் படும். முழுச் சுமையோடு பூமியில் இது அந்தரத்தில் நிற்காது. காலால் உந்தி எம்பி, அந்தத் தாவலை நெருப்பால் நீட்டிக்கலாம், அவ்வளவுதான். பழைய தொடரும் பெரும்பாலும் அப்படித்தான் காட்டுகிறது. அந்த எண்ணைப் போட்டவருக்கு ஒரு சபாஷ்.

அடுத்தது உந்துபொருள். இரண்டு எடைக்கும் வித்தியாசம் 16.6 டன். துப்பாக்கி, கேடயம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு அத்தனையும் உந்துபொருள் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். திரவ ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரிக்கும் நல்ல எஞ்சின், ஒரு கிலோவுக்குச் சுமார் 450 கிலோ விசையை ஒரு வினாடி தரும். ரசாயன ராக்கெட்டில் அதற்கு மேல் ஆசைப்பட முடியாது. 55,500ஐ 450ஆல் வகுத்தால் வினாடிக்கு 123 கிலோ செலவு. 16.6 டன் சுமார் 135 வினாடியில் காலி. அதிலும் பாய்ந்து போக எவ்வளவு செலவோ அவ்வளவு வேகத்தைக் கொன்று நிற்கவும் வேண்டும், பிறகு தாய்க்கப்பலுக்குத் திரும்ப வேண்டும். சண்டைக்கென்று மிஞ்சுவது சொற்பம்.

“உள்ளே அணு இணைவு உலை இருக்கிறதே” என்பார்கள் ரசிகர்கள். இருக்கட்டும். உலை கொடுப்பது ஆற்றலை. பின்னால் தள்ளுவதற்கு ஏதாவது பொருள் வேண்டுமே. கொஞ்சம் பொருளை அசுர வேகத்தில் தள்ளினால் பொருள் மிச்சமாகும், ஆனால் அதே விசைக்கு ஆற்றல் செலவு ஏறிக்கொண்டே போகும். அத்தனை ஆற்றல் புழங்கும் இடத்தில் வெப்பத்தைக் காற்றே இல்லாத வெளியில் எங்கே கொட்டுவது? 1991இல் வந்த கன்டாம் எஃப்91 தோளில் தகடுகளை விரித்து வெப்பத்தை வெளியேற்றும். மற்றவை பெரும்பாலும் சுடாத சூரியன்கள்.

*

தீ கக்கும் நாசில் எங்கே இருக்கிறது என்பதைவிட, அது தள்ளும் கோடு எடைமையத்தின் வழியாகப் போகிறதா என்பதுதான் கேள்வி. போகாவிட்டால் ரோபோ முன்னேறாமல் குட்டிக்கரணம் போடும். ரோபோவுக்கோ கை நீட்டினால் எடைமையம் மாறும், துப்பாக்கி எடுத்தால் மாறும், ஒரு காலை இழந்தால் சொல்லவே வேண்டாம்.

ஜெமினி 8 நினைவுக்கு வருகிறது. 1966 மார்ச் 16. நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் அஜீனா என்ற இன்னொரு கலத்தோடு இணைந்த பிறகு, ஒரேயொரு திரஸ்டர் மூடாமல் பீய்ச்சிக்கொண்டே இருந்தது. கோளாறு அஜீனாவில் என்று நினைத்துப் பிரிந்தார்கள். பிரிந்ததும் சுமை குறைந்து சுழற்சி இன்னும் வேகமெடுத்தது. வினாடிக்கு ஏறத்தாழ ஒரு சுற்று. கண் மங்கி நினைவு தப்பும் நிலையில், பூமிக்குத் திரும்பும்போது மட்டும் பயன்படுத்த வேண்டிய திரஸ்டர்களை இயக்கி ஆம்ஸ்ட்ராங் அதை நிறுத்தினார். பயணத்தை அத்தோடு முடித்துக்கொண்டு இறங்க வேண்டியதாயிற்று. ஒரு திரஸ்டருக்கே இந்தப் பாடு.

அனிமேயில் இதற்கு ஓரளவு ஈடு ‘0083: ஸ்டார்டஸ்ட் மெமரி’ (1991). தரைச் சண்டைக்கென்று அமைத்த ஜிபி01 ரோபோவை, மாற்றியமைக்காமலே கோ உராகி விண்வெளிக்கு ஓட்டிப்போகிறான். நேராக நிற்கவே முடியாமல் தத்தளித்து, அடிவாங்கிச் சிதைந்து திரும்புகிறான். பிறகு அதற்குப் புது திரஸ்டர்கள் பொருத்துகிறார்கள். கதாநாயகனின் வீரம் செல்லுபடியாகாத அத்தியாயம் அது. எனக்குப் பிடித்ததும் அதனால்தான்.

*

கை காலை வீசி உடம்பைத் திருப்புவது (ரசிகர்கள் ‘ஆம்பாக்’ என்பார்கள்) இயற்பியலில் செல்லுபடியாகும். அந்தரத்தில் விழும் பூனை செய்வதும் அதைத்தான். உந்துபொருள் செலவில்லை. ரோபோவுக்கு விண்வெளியில் கால் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இதுவரை வரவில்லை. கொஞ்சம் வக்கீல்தனமான பதில்தான். சுழலும் சக்கரங்களை உள்ளே வைத்தால் அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடும்.

*

மேக்ராஸ் (1982): ஷோஜி கவாமோரி வடிவமைத்த விஎஃப்-1இல் போர்விமானத்தின் எஞ்சின் கூடுகள்தான் கால்களாக மடங்குகின்றன, நாசில்தான் பாதம். காலில் ஏன் நெருப்பு வருகிறது என்ற கேள்விக்கே இடமில்லை. காற்றுள்ள இடத்தில் காற்றையே உறிஞ்சித் தள்ளலாம். விண்வெளிக்குப் போகும்போது கூடுதல் எரிபொருளும் பூஸ்டரும் கொண்ட பொதிகளை மாட்டிவிடுகிறார்கள். கணக்குப் பார்த்து வரைந்தவர் கை.

*

பேட்லேபர் (1988) உலகில் ரோபோ என்பது கட்டுமான இயந்திரம். நம்மூரில் பொக்லைன் ஓட்டுபவரைக் கவனித்தால் லீவர் விஷயம் விளங்கிவிடும். இரண்டு லீவர், ஒவ்வொன்றும் இரண்டு திசை, ஆக நான்கு அசைவு: பூம், கை, பக்கெட், மேல்பகுதியின் சுழற்சி. தேர்ந்த ஆபரேட்டர் நான்கையும் ஒரே வீச்சில் கலந்து, பக்கெட் பல்லால் தரையைப் பட்டும் படாமலும் வழிப்பார். மனிதனால் நேரடியாகச் சமாளிக்க முடிவது ஏறக்குறைய அவ்வளவே. இரண்டு கை, பத்து விரல் என்று வந்துவிட்டால் மென்பொருள் நடுவில் புகாமல் ஆகாது. மென்பொருள் புகுந்தால் என்ன ஆகும் என்பதுதான் மமோரு ஓஷி இயக்கிய 1989 படம்: புது இயங்குதளத்தில் ஒளித்துவைத்த குறும்பு ஒன்று, உயரமான கட்டடங்களில் காற்று மோதி எழும் தாழ்ந்த ஒலியால் தூண்டப்பட்டு, ஆளில்லாமலே இயந்திரங்களை வெறியாட வைக்கிறது. லீவரைப் பிடித்து என்ன பயன்?

இன்னொன்று, இதில் போலீஸ் ரோபோ சம்பவ இடத்துக்கு நடந்து போவதில்லை. லாரியில் மல்லாந்து படுத்துக்கொண்டு போகிறது.

*

விழுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கன்டாமின் காக்பிட் வயிற்றில், தரையிலிருந்து சுமார் 10 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். அதாவது ஒவ்வொரு முறை கால் இடறும்போதும் பைலட்டுக்கு ஒரு கார் விபத்து. யோகோஹாமாவில் 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை நின்ற, அசையும் 18 மீட்டர் கன்டாமைப் பின்னாலிருந்து இடுப்பில் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அந்தத் தாங்கி இல்லாமல் அது ஓர் அடி வைத்ததில்லை.

1983லேயே வோட்டம்ஸ் தொடர் இதைத் தவிர்த்துவிட்டது. 4 மீட்டருக்கும் குறைவான ரோபோ, பாதத்தில் சக்கரம், அவசரமென்றால் உருண்டு ஓடும். 2023இல் சுபாமே இண்டஸ்ட்ரீஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆர்காக்ஸும் அதே வழிதான்: 4.5 மீட்டர், 3.5 டன், உள்ளே ஜாய்ஸ்டிக்குகள், ஜன்னலுக்குப் பதில் வெளிக் கேமராக்களின் படம் காட்டும் திரைகள். கால் இருக்கிறது, நுனியில் சக்கரம். வேகம் அதிகபட்சம் மணிக்கு 10 கிலோமீட்டர். திரஸ்டர் கிடையாது.