சர்வர் மும்பையில், நான் நொய்டாவில், அப்பா மாயவரத்தில்

ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுகிறார். "தம்பி, நீ கம்ப்யூட்டர்ல அப்படி என்னதான் பண்ற?" பொட்டி தட்டுகிறேன் என்று சொல்லித் தப்பித்துவிடுவது வழக்கம். இந்த முறை கேட்டது அம்மா. அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் குப்பை கொட்டுவது நொய்டாவில். மேஜையில் இருப்பது ஒரு லினக்ஸ் பொட்டி. நான் பார்த்துக்கொள்ளும் நாற்பது சொச்சம் சர்வர்களோ மும்பையில் இருக்கின்றன. பாதி லினக்ஸ், மீதி ஏஐஎக்ஸும் சோலாரிஸும். அவற்றை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை.

நடுவே இருக்கும் பாலம் எஸ்எஸ்ஹெச். அதற்கு முன் டெல்நெட்தான். அது போஸ்ட் கார்டு மாதிரி, வழியில் யார் வேண்டுமானாலும் பாஸ்வேர்டைப் படித்துவிடலாம். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் அப்படித்தான் பாஸ்வேர்டுகள் திருடுபோயின. அங்கே இருந்த டாட்டு உலோனென் அதற்கு மாற்றாக 1995-ல் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். நாம் இன்று பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச், 1999-ல் ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள் கொடுத்தது.

இதில் பாஸ்வேர்டே வேண்டாம், ஒரு ஜோடிச் சாவி போதும். பூட்டை நாற்பது வீட்டுக்கும் கொடுத்துவிட்டு, சாவியை மட்டும் மடியில் முடிந்து வைத்துக்கொள்வது போல. சாவி என் பொட்டியை விட்டு நகராது. அதையும் யாராவது தூக்கிக்கொண்டு போனால்? அதற்குத்தான் சாவிக்கே ஒரு ரகசியச் சொற்றொடர் போட்டு வைப்பது.

'இதற்கு எதற்கு லினக்ஸ்? விண்டோஸ் போதாதா?' என்று கேட்கலாம். 2018 முதல் விண்டோஸிலும் எஸ்எஸ்ஹெச் சேர்ந்தே வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் இங்கே அடிக்கும் ஷெல்லும் அங்கே ஓடும் ஷெல்லும் ஏறக்குறைய ஒன்று என்பது பெரிய சௌகரியம். மூன்று வரி எழுதினால் நாற்பது சர்வரிலும் டிஸ்க் எவ்வளவு காலி என்று காபி ஆறுவதற்குள் தெரிந்துவிடும்.

அந்த 'ஏறக்குறைய'வில்தான் ஆபத்தும் இருக்கிறது. லினக்ஸில் கில்ஆல் என்று அடித்துப் பக்கத்தில் ஒரு புரோகிராம் பெயரைக் கொடுத்தால் அதை மட்டும் நிறுத்தும். சோலாரிஸில் ரூட்டாக இருந்துகொண்டு அதையே அடித்தால் ஓடுகிற எல்லாவற்றையும் கொன்றுவிடும்! லினக்ஸில் ஹோஸ்ட்நேமுக்குப் பின்னால் ஒரு கோடும் எஸ்ஸும் போட்டால் சர்வரின் சுருக்கப் பெயர் வரும். பழைய சோலாரிஸில் சர்வரின் பெயரே 'கோடு எஸ்' என்று மாறிவிடும். புதுசாக வருகிற பசங்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கை பழக்கத்தில் அடிக்காதே, எந்த வீட்டில் நிற்கிறாய் என்று முதலில் பார்.

இன்னொரு தலைவலி, 2021-ல் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.8. எஸ்ஹெச்ஏ-1 பலவீனமாகிவிட்டது என்று அதை நம்பிய பழைய ஆர்எஸ்ஏ கையெழுத்தை நிறுத்திவிட்டார்கள். நியாயம்தான். ஆனால் லினக்ஸைப் புதுப்பித்ததும் பழைய சர்வர்கள் கதவைத் திறக்கவில்லை. கான்ஃபிக் ஃபைலில் அந்தக் கிழவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு எழுதினால் போதும். எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடாதீர்கள்.

தொலைவிலிருந்து வேலை பார்ப்பவனுக்கு இரண்டு பயம். ஒன்று, நடுவில் லைன் அறுந்துபோவது. அறுந்தால் ஓடிக்கொண்டிருந்த வேலையும் சேர்ந்து செத்துப்போகும். டிமக்ஸுக்குள் வேலை செய்தால் கவலை இல்லை, மறுபடி நுழைந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இன்னொன்று, ஃபயர்வாலை மாற்றும்போது நம்மையே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்வது. அதனால் மாற்றுவதற்கு முன்பே 'பத்து நிமிஷத்தில் பழைய விதிகளைத் திரும்பப் போடு' என்று சர்வரிடம் சொல்லி வைத்துவிடுவேன். எல்லாம் சரியாக இருந்தால் ரத்து செய்துவிடலாம். சரியில்லாமல் போனால் பத்து நிமிஷம் நகத்தைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான் :-)

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். 2022-ல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது லேப்டாப்போடு மாயவரம் போய் மூன்று மாசம் இருந்தேன். கூடத்து ஊஞ்சலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், மொபைல் இணைப்பு, டிமக்ஸ். காலையில் அப்பாவுக்குக் கைப்பயிற்சி, அப்புறம் வேலை. கரண்ட் போகும், வரும். மும்பையில் எதுவும் நிற்கவில்லை. அதன்பின் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது: எல்லாரும் வாரம் ஐந்து நாளும் நேரில் வர வேண்டும். இரண்டு ராத்திரி ரயிலில் கிளம்பி வந்துவிட்டேன்.

போன தடவை அம்மா கேட்டாள், "அந்த மிஷினெல்லாம் நொய்டாவுலயா இருக்கு?"

"இல்லம்மா, பம்பாய்ல."

"அப்ப அங்க உக்காந்து பண்றத இங்க உக்காந்து பண்ணக் கூடாதா?"

மேலே எழுதிய அத்தனையும் தெரிந்த எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. ஆபீஸை மட்டும் குறை சொல்லிவிடவும் முடியாது. மனைவிக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை, பெண் பத்தாவது படிக்கிறாள். எஸ்எஸ்ஹெச்சில் அவர்களை அனுப்ப முடியாது.

மேனேஜரிடம் பேசி, மூன்று மாசத்துக்கு ஒருமுறை இரண்டு வாரம் ஊரிலிருந்து வேலை பார்க்க எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறேன். மாயவரம் வீட்டில் ஃபைபர் இணைப்பு போட்டாகிவிட்டது, அது போனால் மொபைல், கரண்ட் போனால் இன்வெர்ட்டர். உங்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருந்தால் இப்படிக் கேட்டுப் பாருங்கள். வாய்விட்டுக் கேட்டால்தான் கிடைக்கிறது. அடுத்த தடவைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அப்பா இப்போது இடது கையால் டம்ளரைப் பிடிக்கிறாராம்.