கட்டிலுக்கு ஒரு வரப்பு

எங்க ஊர் காட்டுமன்னார்கோயிலுக்கும் சிதம்பரத்துக்கும் நடுவுல இருக்கு. வீராணம் ஏரிக்குக் கிழக்கே. ஏரியோட முழு மட்டம் நாப்பத்தேழரை அடி. அது நிரம்பினா எங்களுக்கு சம்பா, உங்களுக்குக் குடிதண்ணி. சென்னையில இதைப் படிக்கிறவங்க வீட்டுக் குழாயில வர்றதுல கொஞ்சம் எங்க ஏரித் தண்ணியாவும் இருக்கலாம்.

எனக்கு இருக்கிறது ரெண்டே கால் ஏக்கர். இந்தத் தடவை நெல்லைப் பத்தி எழுதல. தை மாசம் எங்க வீட்டுல நடந்த ஒரு விஷயத்தை எழுதறேன். சின்னப் புள்ள வச்சிருக்கிற வீட்டுக்கு உபயோகப்படும்.

எங்க தெருவுல என் வீட்டுக்கு 'கட்டில்காரர் வீடு'ன்னுதான் பேரு. எல்லா வீட்டுலயும் பாயை விரிச்சுப் படுத்த காலத்துலயே நான் கட்டில் வாங்கினவன். கல்யாணம் ஆன வருஷம், முதல் விளைச்சல் காசுல நகை வாங்காம கட்டில் வாங்கிட்டு வந்தேன்னு எங்க வீட்டம்மா இன்னிக்கும் சொல்லிக் காட்டும். 2015 வெள்ளத்துல தெருவுக்குள்ள தண்ணி வந்தப்புறம் மத்தவங்களும் கட்டில் வாங்கினாங்க. அது வரைக்கும் "தரையில படுத்தா உனக்கு என்னய்யா கேடு?"ன்னு கேலிதான். நான் சிரிச்சுட்டுப் போயிடுவேன். காரணத்தை யார்கிட்டயும் சொன்னதில்ல.

பொங்கலுக்கு மகனும் மருமகளும் பேத்தியோட வந்திருந்தாங்க. பேத்திக்கு ஒரு வயசு எட்டு மாசம். ஓட்டம்தான், நடையே கிடையாது. பகல்ல ஓடற ஓட்டத்தை ராத்திரி தூக்கத்துலயும் ஓடுவா போலிருக்கு. கிழக்கே தலை வச்சுப் படுக்க வச்சா விடியறப்போ தெற்கே கிடப்பா. சென்னை வீட்டுல அவளுக்குன்னு சுத்தி கம்பி போட்ட சின்னக் கட்டில் இருக்காம். இங்க அது இல்ல.

மாட்டுப் பொங்கல் ராத்திரி மருமக மெத்தையை இறக்கித் தரையில போட்டுக்கிட்டு இருந்துச்சு. "பாப்பா உருளுவா மாமா. நாங்க கீழயே படுத்துக்கறோம்"னுச்சு.

"வேணாம்மா, கட்டில்லயே படுங்க. அறுவடை நேரம்"னேன்.

அறுவடைக்கும் கட்டிலுக்கும் என்ன சம்பந்தம்னு அந்தப் பொண்ணுக்குப் புரியல. எதுத்துப் பேசாம மெத்தையை மேல தூக்கிப் போட்டுச்சு. ஒரு பக்கம் சுவர். இன்னொரு பக்கத்துக்கு நானே ரெண்டு தலையணையைக் கொண்டுபோய் அணைப்பா வச்சேன். வச்சுட்டு, "இனிமே எங்க விழப் போறா?"ன்னு வேற சொன்னேன்.

ராத்திரி ரெண்டு மணி இருக்கும். கொல்லையில தேங்கா விழுந்த மாதிரி ஒரு சத்தம். நாங்க படுத்திருந்த அறைக்கே கேட்டுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு மூச்சு விடற நேரம் எந்தச் சத்தமும் இல்ல. அந்த நேரம் எவ்வளவு நீளம்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். பிறகு வீல்னு அழுதா. அழுகைச் சத்தம் கேட்டு அவ்வளவு சந்தோசப்பட்டது என் வாழ்க்கையில அன்னிக்குத்தான்.

தலையணை ரெண்டும் அவளோடயே கீழ கிடந்துச்சு. உருண்டு வந்து இடிச்சதும் தலையணை நகர்ந்து விழுந்திருக்கு, அதோட இவளும். நெத்தியில எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். எங்க வீட்டம்மா சேலை முந்தானையைத் தண்ணியில நனைச்சு ஒத்தி எடுத்துச்சு. பக்கத்து வீட்டுத் தம்பி காரை எடுத்தாரு. அரை மணி நேரத்துல சிதம்பரத்துல ஒரு ஆஸ்பத்திரியில இருந்தோம்.

அங்க இருந்த டாக்டரம்மா சின்ன வயசுதான், ஆனா நிதானமா கேட்டாங்க. விழுந்ததும் அழுதாளா? மயக்கம் போட்டாளா? வாந்தி எடுத்தாளா? காதுலயோ மூக்குலயோ ரத்தம் வந்துச்சா? கையையும் காலையும் ஒரே மாதிரி ஆட்டறாளா? எவ்வளவு உயரம், கீழ சிமெண்டுத் தரையா, டைல்ஸா? எல்லாத்தையும் கேட்டுட்டுக் கண்ணுல லைட் அடிச்சுப் பார்த்தாங்க. தலையைத் தடவிப் பார்த்தாங்க. "விடியற வரைக்கும் இங்கயே இருங்க, பார்த்துக்கலாம்"னாங்க.

வெளியே பெஞ்சுல உக்காந்தோம். பேத்தி அம்மா மடியில பிஸ்கட்டு கேட்டு நச்சரிக்க ஆரம்பிச்சதும்தான் எங்களுக்கு உசுரு வந்துச்சு. அப்பதான் மருமக மெதுவா சொல்லுச்சு. "கீழ படுத்திருந்தா விழுந்திருக்க மாட்டா மாமா."

கோவமா கூடச் சொல்லல. அதனாலதான் ரொம்ப உறைச்சுது. மகன் என்னைப் பார்க்காமலே, "அப்பாவுக்கு கட்டில் பைத்தியம். சின்ன வயசுலேர்ந்தே எங்களைத் தரையில படுக்க விடமாட்டாரு. ஏன்னு கேட்டா சொல்லவும் மாட்டாரு"ன்னான்.

நாப்பத்தஞ்சு வருஷமா சொல்லாததை அந்தப் பெஞ்சுல உக்காந்துதான் சொன்னேன்.

அது 1980. எனக்குப் பத்து வயசு. எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா, நாலு வயசு. ஐப்பசி மழை. கூரை வீடு, மண் தரை. அம்மா, நான், தங்கச்சி மூணு பேரும் ஒரே கோரைப்பாய். தங்கச்சி எப்பவும் நடுவுல. அவளும் இப்படித்தான் உருளுவா. அதுக்காகவே அம்மா அவ காலுக்குக் கொலுசு போட்டு வச்சிருந்துச்சு. ராத்திரி கொலுசுச் சத்தம் கேட்டா அரைத் தூக்கத்துலயே கையை நீட்டிப் பாய்க்கு இழுத்துப் போட்டுடும்.

அன்னிக்கு அம்மா நடவு நட்டுட்டு வந்து அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குது. தங்கச்சி என் மேல ஏறி உருண்டு, பாயை விட்டுத் தரைக்குப் போனது எனக்குத் தெரிஞ்சுது. கொலுசும் கேட்டுச்சு. இழுத்துப் போடணும்னு தோணுச்சு. தூக்கக் கலக்கத்துல விட்டுட்டேன்.

கொஞ்ச நேரத்துல எழுந்து வயித்தை வலிக்குதுன்னு அழுதா. அம்மா ஓமத்தண்ணி வச்சுக் கொடுத்துச்சு. கண்ணு இமை சொருகிச்சு, தூக்கம் வருதுன்னு நினைச்சோம். பேச்சு குழறிச்சு. எச்சில் முழுங்க முடியல. விடியறதுக்கு முன்னாடி மூச்சு நின்னுபோச்சு. உடம்புல எந்தக் காயமும் தெரியல. காலையில அப்பா குதிரை நகத்திப் பார்த்தாரு. கருப்பு உடம்புல வெள்ளை வெள்ளையா கோடு போட்ட கட்டுவிரியன் அதுக்கடியில சுருண்டு கிடந்துச்சு.

கட்டுவிரியன் கடிச்சா பெருசா வலிக்காது, வீங்காது. பல்லு பட்ட இடம் கண்ணுக்கே தெரியாம போகும். ராத்திரியில இரை தேடி வர்ற பாம்பு அது. தரையில படுத்திருக்கிறவங்கதான் அதுக்கிட்ட அதிகமா மாட்டறது. அறுவடை சமயத்துல எலி வீட்டுப் பக்கம் வரும், எலி பின்னாடி பாம்பு வரும். அதனாலதான் 'அறுவடை நேரம்'னு மருமககிட்ட சொன்னேன். ஆனா முழுசா சொல்லல. சொல்லியிருந்தா அந்தப் பொண்ணே வேற வழி யோசிச்சிருக்கும். ஒரு பயத்தை உள்ளயே வச்சுப் பூட்டிட்டு, அதை உத்தரவா மட்டும் வெளியே விட்டேன். தப்பு அங்கதான்.

சொல்லி முடிச்சதும் மகன் ஒண்ணும் பேசல. மருமக, "அவங்க பேரு என்ன மாமா?"ன்னு கேட்டுச்சு. சொன்னேன். அந்தப் பேரைச் சத்தமா சொல்லியே பல வருஷம் ஆச்சு.

விடிஞ்சதும் டாக்டரம்மா மறுபடி பார்த்தாங்க. பயப்பட ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போகலாம்னாங்க. ரெண்டு நாள் கவனிக்கச் சொன்னாங்க. திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினா எழாத தூக்கம், வலிப்பு, நடை தள்ளாட்டம், நிறுத்தாத அழுகை, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் யோசிக்காம ஓடி வரணும். சும்மா தூங்கினா தூங்க விடலாம், நடுவுல நடுவுல எழுப்பிப் பார்த்தா போதும்னாங்க.

நான் தலையணை வச்ச கதையைச் சொன்னேன். "ஐயா, தலையணை தடுப்பு இல்ல. அதுமேல ஏறி விழுந்தா இன்னும் உயரத்துலேர்ந்துதான் விழும்"னாங்க. ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தையைச் சுத்தி தலையணை, பஞ்சு, கனமான போர்வை எதுவுமே கூடாதாம். முகம் அதுல புதைஞ்சா திருப்பிக்கத் தெரியாது, மூச்சு முட்டும். மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும்.

கட்டிலைச் சுவரோட ஒட்டிப் போட்டா ஒரு பக்கம் பத்திரம்னு நாம நினைக்கிறோம். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு கை நுழையற இடுக்கு இருந்தாலும் புள்ள அதுல சிக்கிக்கும். கடையில விக்கிற கட்டில் தடுப்பும் ரெண்டு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு ஆகாது, தடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவுல மாட்டிக்கும்னாங்க.

தூளியில போடலாமான்னு கேட்டேன். இந்த வீட்டுக்குக் கான்கிரீட் போடும்போதே மேஸ்திரிகிட்ட சொல்லி தூளிக்குன்னு ஒரு கொக்கி விட்டு வச்சிருக்கேன். "தானா எழுந்து உக்கார ஆரம்பிச்ச புள்ளைக்குத் தூளி வேணாம். எழுந்து எட்டிப் பார்த்து விழும், சேலையைக் கழுத்துல முறுக்கிக்கும்"னாங்க. நாங்கல்லாம் தூளியில வளர்ந்தவங்கதான். ஆனா அப்ப தூளிக்குக் கீழயே ஒரு கிழவி உக்காந்திருக்கும். இப்ப வீட்டுல கொக்கி இருக்கு, கிழவி இல்ல.

"தரைதான் நல்லது. மெத்தையைக் கீழ போடுங்க"ன்னு முடிச்சாங்க. நான் பாம்பைச் சொன்னேன். அவங்க யோசிக்கவே இல்ல. "கொசுவலை கட்டி, நாலு பக்கமும் மெத்தைக்கடியில சொருகிடுங்க. கொசுவும் வராது, பாம்பும் வராது"ன்னாங்க.

நாப்பத்தஞ்சு வருஷம் நான் தேடாத வழி ஒரு கொசுவலையில இருந்திருக்கு.

வர்ற வழியிலயே சிதம்பரம் மேலவீதியில நாலு மூலையிலயும் கட்டற பெரிய வலையா வாங்கினோம். மெத்தைக்கடியில ஒரு முழமாவது உள்ள போகற அளவுக்கு இறக்கம் இருக்கணும், இல்லாட்டி புள்ள உதைச்சாலே வெளிய வந்துடும். அறை நடுவுல, சுவரை விட்டுத் தள்ளி மெத்தையைப் போட்டோம். அறை மூலையில இருந்த நெல் மூட்டையையும் பழைய சாக்கையும் வெளிய எடுத்தேன். கதவடியில இருந்த சந்துக்கு ஒரு பலகை அடிச்சேன். படுக்கறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு மெத்தையை உதறிப் பார்க்கறதைப் பழக்கமாக்கினோம்.

நான் சொந்தமா சேர்த்தது ஒண்ணு உண்டு. ரெண்டு பழைய வேட்டியை இறுக்கமா உருளையா சுருட்டி, மெத்தை விரிப்புக்கு அடியில ஓரமா நீளவாக்குல வச்சு, விரிப்பை மெத்தைக்கடியில இழுத்துச் சொருகினேன். விரிப்புக்கு மேல வச்சாத்தான் நகரும், அடியில வச்சா நகராது. நம்ம வரப்பு மாதிரிதான். வரப்பு தண்ணியை எதுத்து நிக்க உயரமா இருக்க வேணாம், அடி உறுதியா இருந்தா போதும். பேத்தி உருண்டு வந்து அந்த மேட்டுல இடிச்சா, தானா திரும்பிப் படுத்துக்கிட்டா. இது ஓடி ஆடற புள்ளைக்கு மட்டும். கைக்குழந்தைக்கு வேணாம்.

பாம்பு விஷயத்துல ஒண்ணு சொல்லிடறேன். கிராமத்துக்கு வந்து தங்கற உங்களுக்கும் சேர்த்துத்தான். ராத்திரி தரையில படுத்திருந்தவங்களுக்குக் காரணமில்லாம வயித்து வலி வந்து, கண்ணு இமை தூக்க முடியாம தொங்குச்சுன்னா, காயம் தெரியலைன்னாலும் பாம்புக்கடியா இருக்கலாம்னு நினைச்சு உடனே 108க்குக் கூப்பிடுங்க. கட்டறது, கீறறது, மந்திரிக்கறது எதுவும் வேணாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்து அரசு ஆஸ்பத்திரியில இருக்கு. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில 1978ல ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிப்போர் சங்கம் எடுக்கிற விஷம்தான் அந்த மருந்து செய்யப் போகுது. என் தங்கச்சி போன அன்னிக்கு எங்க ஊர்ல ராத்திரி நேரத்துக்கு ஒரு வண்டி கூடக் கிடையாது.

மகன் குடும்பம் இன்னும் ரெண்டு நாள் தங்கிட்டுத்தான் போச்சு. மறுநாள் ராத்திரி நான் கட்டில்ல படுத்து முழிச்சே கிடந்தேன். ரெண்டு தடவை எழுந்து போய் வலைக்கு வெளிய நின்னு டார்ச்சைக் கைக்குள்ள மறைச்சுப் பார்த்தேன். புள்ள வரப்பு ஓரமா, வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குது. மூணாவது தடவை போனப்போ மருமக கண்ணு முழிச்சு, "போய்ப் படுங்க மாமா, நான் பார்த்துக்கறேன்"னுச்சு.

ஊருக்குக் கிளம்பறப்போ பஸ் ஸ்டாண்டுல, "சித்திரை லீவுக்குப் பாப்பாவைப் பத்து நாள் விட்டுட்டுப் போறேன், அத்தை பார்த்துப்பாங்களா?"ன்னு கேட்டுச்சு. எங்க வீட்டம்மா தலையாட்டறதுக்கு முன்னாடி நான் ஆட்டிட்டேன்.

இன்னொரு வலை வாங்கி வச்சிருக்கேன். அது எனக்கு. பேத்தி பக்கத்துல தரையில படுக்கணும்.