தூசுக்கு ஊர் தேடுகிறவர்கள்

நீ-ஓலெசுண்ட், ஸ்வால்பார்ட்
செப்டம்பர்

அன்புள்ள மீனா,

பனி மூடிய ஊரில் தூசைத் தேடி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டிருந்தாய். நேற்று ப்ரோகர் பனியாற்றுக்குக் கீழே இருக்கும் சமவெளிக்கு நடந்து போனோம். பனிக்கரடி பயத்தில் துப்பாக்கியோடு ஒருவர் கூடவே வந்தார். நீ அங்கே நின்றிருந்தால் கேட்டிருக்கவே மாட்டாய். கண்ணுக்கு எட்டிய வரை உருளைக்கற்கள், நடுநடுவே வற்றிப்போன வாய்க்கால்கள், அவற்றில் படிந்த நுண்மண். குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தேன். நெருடவே இல்லை. ரேகைக்குள் புகுந்துகொண்டு, துடைத்தும் போகவில்லை.

பனியாறு நகரும்போது அடியிலுள்ள பாறையை அம்மிக் குழவி போல அரைத்துக்கொண்டே வருகிறது. கோடையில் உருகும் நீர் அந்த மாவைச் சுமந்து வந்து பரப்புகிறது. நீர் வற்றி, அடுத்த பனி விழுமுன் கிடைக்கும் சில வாரங்களில் காற்று அதைத் தூக்கிப் போகிறது. 1979க்குப் பிறகு ஆர்க்டிக் உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது. பனியாறுகள் பின்வாங்குகின்றன, அவை விட்டுப்போகும் வெற்றுநிலம் பெருகுகிறது.

உலகில் கிளம்பும் தூசில் இத்தகைய குளிர்ப் பகுதிகளின் பங்கு 5 சதவீதம் அளவுதான் என்று 2016இல் ஒரு மதிப்பீடு வந்தது. சொற்பம் என்று தோன்றும். ஆனால் சகாராவின் தூசு எங்கிருந்தோ வந்து சேர வேண்டும். இது இங்கேயே, தாழ்வான மேகங்களுக்கு அருகிலேயே எழுகிறது. சுத்தமான நீர்த்துளி மைனஸ் 38 டிகிரி வரைகூட உறையாமல் மேகத்தில் இருக்கும். தகுந்த துகள் ஒன்று உள்ளே இருந்துவிட்டால் அதற்கு வெகு முன்பே உறைந்துவிடும். உறைந்த படிகம் பெருத்து விழ, மேகம் மெலிகிறது. கோடையில் அது திருப்பி அனுப்பும் வெயில் குறைகிறது. ஜப்பானியர் தலைமையில் அமெரிக்கர்களும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வு இதே ப்ரோகர் பனியாற்று மண்ணைத்தான் எடுத்துக்கொண்டது. அது நீரை உறையவைப்பதில் மிகவும் கெட்டிக்காரத் தூசு என்று தெரிந்தது. காரணம் தாதுவைவிட, அதில் சிறிதளவே ஒட்டியிருந்த உயிர்ப்பொருள். படித்தபோது புரிந்ததுதான், அந்த மண் கையில் ஒட்டியபோதுதான் உறைத்தது.

ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிலக்கரிச் சுரங்கத்துக்காக எழுந்த ஊர். 1962 நவம்பரில் நடந்த விபத்தில் 21 பேர் இறந்தார்கள். அதோடு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இப்போது சுமார் பத்து நாடுகளின் ஆய்வு நிலையங்கள். நம் இந்தியாவின் ஹிமாத்ரி 2008இல் வந்தது. 2023 டிசம்பரிலிருந்து குளிர்காலத்திலும் ஆள் இருக்கிறார்கள். வைஃபை, ப்ளூடூத் அலைகளுக்கு இங்கே தடை, விண்ணலைகளைக் கேட்கும் ஆன்டெனாக்களுக்கு இடையூறு ஆகுமாம். எல்லோருக்கும் ஒரே சாப்பாட்டுக்கூடம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கரித்தூசுக் காலத்துப் பழக்கம் இன்னும் விடவில்லை.

சுரங்கத் தொழிலாளிகள் வேலை முடிந்து குளித்துவந்த கட்டடம்தான் இன்று காற்றுத்துகள் ஆய்வகம். இத்தாலியரின் கருவிகளும் நம்முடையவையும் அங்கே ஓடுகின்றன. ஃபில்டர் மாற்றுவதைப் பார்த்தேன். இடுக்கியால் விளிம்பை மட்டும் பிடித்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு எடுக்கிறார்கள். வட்டத்தாளில் லேசான சாம்பல் நிறம், அவ்வளவுதான்.

அந்தச் சாம்பல் நிறத்துக்கு ஊர் எது? இதில்தான் என் மனம் முழுக்க இருக்கிறது, மீனா. தூசு தன் முகவரியைத் தானே சொல்லாது. இங்கே ஃபில்டரில் சிக்கிய துகள்களின் தாதுக்களையும் வேதிக்கலவையையும் இத்தாலியர்கள் ஆராய்ந்தார்கள். ஐஸ்லாந்துக்காரர்கள் தங்கள் மணல்வெளிகளின் மண்ணைக் கொடுத்தார்கள். இரண்டையும் ஒப்பிட்ட பிறகுதான், ஐஸ்லாந்தின் எரிமலைத் தூசு கடல் தாண்டி இங்கே வந்திருப்பதை 2018இல் எழுத முடிந்தது. மண் வைத்திருப்பவர் தராவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தும் பயனில்லை.

அதனால்தான் 2022க்குப் பிந்தைய நிலைமை என்னை வருத்துகிறது. ஆர்க்டிக் கடற்கரையில் ஏறக்குறைய பாதி ரஷ்யாவுடையது. உக்ரைன் போருக்குப் பிறகு அவர்களோடு மேற்கு நாடுகளின் கூட்டு ஆய்வுகள் பெரும்பாலும் நின்றுபோயின. போரைத் தொடங்கியவர்கள் மீது கோபம் எனக்கும் உண்டு. ஆனால் சைபீரியாவின் ஆற்றுப்படுகை மண் ஒரு கைப்பிடி கிடைக்காமல், அங்கிருந்து கிளம்பும் தூசை நாம் அடையாளம் காணாமலே விடுகிறோம். பனி உருகுவது போர் முடியும்வரை காத்திருக்கப் போவதில்லை. இந்தியா போன்ற நாடுகள் இரு பக்கமும் பேச முடிகிறவை. குறைந்தபட்சம் மண்மாதிரிப் பரிமாற்றத்துக்காவது நாம் வாய் திறக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நேற்றிரவு சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன். மறுத்தவர்களும் உண்டு, அவர்கள் தரப்பிலும் நியாயம் இருந்தது.

நேற்று எடுத்த மண்ணை இடம், தேதி எழுதிப் பல பைகளாகப் பிரித்துவிட்டோம். ஒன்று கோவாவில் இருக்கும் நம் துருவ ஆய்வு மையத்துக்கு. மற்றவை, கேட்கிற எந்த ஆய்வகத்துக்கும். உன் வகுப்புப் பிள்ளைகள் கேள்விகள் அனுப்பட்டும்; இணையக் கம்பி இருக்கும் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
கலா