தோற்றாரா, தோற்பவரா?



நீண்ட நாள்களாக இப்பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. திருத்த வேண்டிய கட்டுரை நூல்கள் மேசைமேல் குவிந்து கிடந்ததே காரணம். இன்று எழுத அமர்ந்ததற்கும் அக்குவியலிலிருந்த ஒரு கட்டுரையே காரணம்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'நான் கண்டு களித்த ஒரு போட்டி' என்னும் தலைப்பைக் கொடுத்திருந்தேன். வந்தவற்றுள் பாதிக்கு மேல் பூப்பந்தாட்டத்தைப் பற்றியவை. மலேசியாவில் இது வியப்பன்று. அவற்றுள் ஒரு மாணவன் இவ்வாறு எழுதியிருந்தான்:

"நம் நாட்டு ஆட்டக்காரர் தோற்றுவிட்டார். அவர் எப்பொழுதும் தோற்பவர் என்று அப்பா சொன்னார். எங்கள் வீட்டில் தோற்பவர்களை யாருக்கும் பிடிக்காது."

எழுத்துப் பிழை இல்லை. சந்திப் பிழையும் இல்லை. வாக்கியங்கள் கச்சிதமாக இருந்தன. ஆயினும் என் சிவப்புப் பேனா 'தோற்பவர்' என்ற சொல்லின்மேல் நின்றுவிட்டது.

தமிழாசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; பெற்றோருக்காகச் சொல்கிறேன். 'தோற்றார்' என்பது வினைமுற்று, இறந்த காலம். நடந்தது, முடிந்தது. 'தோற்பவர்' என்பது வினையாலணையும் பெயர். செயல் அங்கே ஆளின் பெயராகிவிடுகிறது. அதிலுள்ள 'ப்' எதிர்கால இடைநிலை. அதாவது, நேற்றைய தோல்வியை எடுத்து நாளைக்கும் சேர்த்து ஒருவர் கழுத்தில் கட்டிவிடுகிறோம். ஒரே ஓர் எழுத்து செய்யும் வேலை இது.

அந்தத் தந்தையைக் குறை கூறும் தகுதி எனக்கு இல்லை. நானும் அதே பிழையைச் செய்தவள்தான்.

2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் ஒலிம்பிக் ஆடவர் ஒற்றையர் இறுதியாட்டம். லீ சோங் வெய்யும் சீனாவின் லின் டானும் மோதினர். எங்கள் வட்டாரத்து மாமாக் கடையில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். நாற்காலி கிடைக்காதவர்கள் மோட்டார் சைக்கிள்களின்மேல் அமர்ந்து பார்த்தார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் ஒரே குரலில் கத்திய இரவு அது. என் கணவரும் நானும் எட்டு வயது மகனும் ஒரு மூலை மேசையில் இருந்தோம்.

முதல் ஆட்டம் 21–15, நமக்கு. இரண்டாவது 10–21. மூன்றாவது ஆட்டம் 19–21 என முடிந்தபோது, ஆறிப்போன தே தாரிக் குவளையைத் தள்ளி வைத்துவிட்டு நான் சொன்னேன்: "எப்பவும் கடைசியில கோட்டை விடுறவன்தானே!" பக்கத்து மேசையிலிருந்தவர்கள் தலையசைத்து ஆமோதித்தார்கள். எனக்கும் ஏதோ சரியாகச் சொல்லிவிட்டது போன்ற நிறைவு.

யாரைப் பற்றிச் சொன்னேன் என்று இப்பொழுது எண்ணிப் பார்க்கிறேன். பூப்பந்துத் தரவரிசையில் மொத்தம் 349 வாரங்கள் உலக முதல்நிலையில் இருந்தவரைப் பற்றி. அவ்வாண்டு மே மாதம் தாமஸ் கிண்ணப் போட்டியில் கணுக்காலில் காயமுற்று, ஒலிம்பிக்கிற்குள் தேறி வந்து, இறுதியாட்டத்தில் இரண்டே புள்ளிகளில் தங்கத்தைத் தவறவிட்டவரைப் பற்றி. அந்தத் தோல்விக்குப் பிறகு அவர் மலேசிய மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். வெள்ளிப் பதக்கம் வென்ற ஒருவர் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்? அன்றிரவு நாடு முழுதும் என்னைப் போல் எத்தனை பேர் எத்தனை மேசைகளில் அந்தச் சொல்லைச் சொல்லியிருப்போமோ!

இரண்டு ஆண்டுகள் கழித்து, என் மகன் மாவட்ட அளவிலான பள்ளிப் போட்டியில் விளையாடினான். மூன்றாவது ஆட்டம் வரை போராடித் தோற்றான். வீடு திரும்பும்போது காரில் நெடுநேரம் பேசவில்லை. ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் சன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னான்: "விடுங்கம்மா. நான் எப்பவும் கடைசியில கோட்டை விடுறவன்தானே."

சொல்லுக்குச் சொல் என்னுடைய வாக்கியம். இரண்டு ஆண்டுகள் அதைப் பத்திரமாக வைத்திருந்து, தனக்கே சூட்டிக்கொண்டான். அவ்வாண்டுக்குப் பிறகு அவன் மட்டையைத் தொடவில்லை. பின்னர் வேறு துறையில் நன்றாகவே வளர்ந்தான்; அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த மட்டை இன்றும் எங்கள் வீட்டுச் சாமான் அறையில் உறைக்குள் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் அந்த வாக்கியம்தான் நினைவுக்கு வருகிறது.

அதன் பிறகே நான் பூப்பந்தாட்டத்தை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். ஆட்ட விதிகளையும் படித்தேன். ஒன்று புலப்பட்டது: விதி ஆளைப் பற்றிப் பேசுவதே இல்லை, பந்தைப் பற்றியே பேசுகிறது. பந்து கோட்டின்மேல் விழுந்ததா, வெளியே விழுந்ததா? வலையைத் தொட்டாரா, இல்லையா? அவ்வளவுதான்.

சர்வீஸ் விதி இதற்கு நல்ல சான்று. முன்பு, பந்தை அடிக்கும்போது அது ஆட்டக்காரரின் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும் என்றிருந்தது. இடுப்பு என்பது எது? கடைசி விலா எலும்பின் அடிப்பகுதி வரை என்று விளக்கம் வைத்திருந்தார்கள். சட்டைக்குள் இருக்கும் எலும்பை நடுவர் எங்கிருந்து காண்பார்? ஆளுக்கு ஆள் உடல் வேறு. நடுவருக்கு நடுவர் பார்வை வேறு. சச்சரவு ஓயவில்லை. 2018-இல் உலகப் பூப்பந்துச் சம்மேளனம், பந்து தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற ஒரே அளவைக் கொண்டுவந்தது. உயரமான ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனால் அளக்கப்படுவது ஆளின் உடல் அன்று, பந்தின் உயரம் என்றாகிவிட்டது.

2014-இல் பெரிய போட்டிகளுக்கு வந்த கேமரா மறுபரிசீலனை முறையும் அப்படித்தான். கோட்டு நடுவரின் தீர்ப்பில் ஐயமிருந்தால் ஆட்டக்காரர் கையை உயர்த்துகிறார். திரையில் பந்து விழுந்த இடம் காட்டப்படுகிறது. தீர்ப்பு மாறினால் புள்ளி மாறும்; ஆட்டம் தொடரும். அந்த நடுவர் 'எப்பொழுதும் தவறு செய்பவர்' என்று அங்கே யாரும் எழுதி வைப்பதில்லை. அடுத்த பந்துக்கும் அவரே அதே நாற்காலியில் அமர்ந்து கோட்டைப் பார்க்கிறார்.

அடுத்து, வருணனையாளர்கள். அனைத்துலகப் போட்டிகளில் நெடுங்காலம் ஒலித்த குரல்களில் ஒன்று இங்கிலாந்தின் கில்லியன் கிளார்க்குடையது. ஒலிம்பிக் போட்டியில் விளையாடியவர். இன்னொருவர் டென்மார்க்கின் மோர்டன் ஃப்ரோஸ்ட். அகில இங்கிலாந்துப் பட்டத்தை நான்கு முறை வென்றவர். பிற்காலத்தில் மலேசிய அணிக்கும் பணியாற்றியவர். அவர் 1985, 1987 ஆகிய ஆண்டுகளில் உலகப் போட்டியின் இறுதியாட்டம் வரை சென்று தோற்றார். உலகப் பட்டம் கடைசிவரை கிட்டவில்லை. களத்தில் நின்று தோற்ற அனுபவம் உள்ளவர் ஒலிவாங்கியின் முன் அமரும்போது, அடுத்தவர் தோல்வியை எளிதில் எள்ளமாட்டார். நல்ல வருணனையைக் கூர்ந்து கேளுங்கள். 'வலைக்கு அருகே தாமதமாக வந்தார்', 'பின்கோட்டுக்கு அடித்தார்', 'பந்து வெளியே போனது' என்று வினைமுற்றுகளாகவே வரும். பெயர் சூட்டும் வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் நாற்காலியில் அமர்ந்திருக்கும் நாம்தான்.

அந்தப் பெயர் சூட்டல் எங்கே போய் முடியும் என்பதையும் நாம் கண்டோம். 2021 அக்டோபரில், பின்லாந்தில் நடந்த சுதிர்மான் கிண்ண அரையிறுதியில் நம் கிசோனா செல்வதுரை ஜப்பானின் அகானே யாமாகுச்சியிடம் தோற்றார். 2019-இல் சீ விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றவர் அவர். அந்த ஒரு தோல்விக்காக, ஓர் அரசியல் கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவர் அவருடைய இனத்தை இழிவுபடுத்தும் சொல்லைச் சமூக ஊடகத்தில் எழுதினார். எல்லா இன மலேசியர்களும் கொதித்தெழுந்தனர். எழுதியவர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அந்த வாரம் நானும் வகுப்பறையில் சினத்தோடுதான் பேசினேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஒரு கேள்வி உறுத்தியது. அந்த மனிதர் எழுதியதற்கும் மாமாக் கடையில் நான் சொன்னதற்கும் உள்ள தொலைவு பெரிதுதான். ஆனால் இரண்டும் ஒரே பாதையில்தானே இருக்கின்றன? ஆட்டத்தை விட்டு ஆளுக்குத் தாவியது இருவரும் செய்த செயல். நான் குணத்தோடு நின்றேன். அவர் நிறம் வரை போனார்.

நம்மவர் வெல்லும்போதும் இதே பழக்கம் வேறு வேடத்தில் வருகிறது. தீனா முரளிதரனும் பேர்லி டானும் 2022-இல் காமன்வெல்த் தங்கம் வென்றபோது, "நம்ம வீட்டுப் பிள்ளை" என்று தமிழ்க் குடும்பங்கள் தீனாவைக் கொண்டாடின. நானும் கொண்டாடினேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கல ஆட்டத்தில் தோற்று நான்காம் இடம் பெற்றபோது, அந்த 'நம்ம'வைச் சொன்னவர்கள் எத்தனை பேர்? ஒலிம்பிக்கில் நான்காம் இடம் என்றால் உலகில் நான்காம் இடம். நம் வகுப்பில் நான்காம் இடம் பெறும் பிள்ளையிடம் நாம் என்ன சொல்கிறோம் என்பதையும் இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

2025 ஆகஸ்டு 31, நம் தேசிய நாள். பாரிசில் உலகப் போட்டியின் இறுதி நாளும் அதுவே. கலப்பு இரட்டையரில் சென் தாங் ஜீ – தோ ஈ வெய் இணை நாட்டுக்குத் தங்கம் கொண்டுவந்தது. பேர்லி – தீனா இணை சீனாவின் லியு ஷெங்ஷு – டான் நிங் இணையிடம் தோற்று வெள்ளி பெற்றது. ஆட்டம் முடிந்த சற்று நேரத்தில் வெளியூரிலிருக்கும் என் மகன் அழைத்தான். நெடுநேரம் ஆட்டத்தைப் பற்றியே பேசினான். எந்தப் பந்தை யார் எப்படி எடுத்தார், எங்கே விட்டார் என்று வரிசையாகச் சொன்னான். "நல்லா ஆடினாங்கம்மா. இன்னிக்குத் தோத்துட்டாங்க" என்று முடித்தான். 'இன்னிக்கு' என்ற அந்தச் சொல்லை அவன் நினைத்துச் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு பயிற்சியைச் சொல்லி முடிக்கிறேன். கேட்டல், பேச்சுத் திறன் பாடத்தில் ஓர் ஆட்டத்தின் காணொளியை ஒலியின்றி ஓடவிடுங்கள். மாணவர் இருவர் தமிழில் நேர்முக வருணனை செய்யட்டும். ஒரே விதி: ஆட்டக்காரருக்கு அடைமொழி கூடாது, அவர் செய்த செயலை வினைமுற்றில் மட்டுமே சொல்ல வேண்டும். தொடக்கத்தில் திணறுவார்கள். "அவன் ஒரு..." என்று தொடங்கி நின்றுவிடுவார்கள். பிறகு பார்க்கத் தொடங்குவார்கள். 'அடித்தார்' என்பது மாறி 'தட்டினார்', 'வெட்டினார்', 'உயர்த்தினார்', 'பாய்ந்தெடுத்தார்' என்று சொல்வளம் பெருகும். பெற்றோரும் வீட்டுத் தொலைக்காட்சியின் முன் இதை முயன்று பார்க்கலாம். அவ்வளவு எளிதன்று; நான் இன்னும் தடுக்கி விழுந்துகொண்டுதான் இருக்கிறேன்.

தொடக்கத்தில் சொன்ன அந்த மாணவனின் கட்டுரைக்கு நான் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. அவன் தந்தையைப் பற்றியும் ஒன்றும் எழுதவில்லை. ஓரத்தில் ஒரு கேள்வியை மட்டும் எழுதினேன்: "கடைசிப் பந்து எங்கே விழுந்தது?"

மறுநாள் நூல் திரும்பி வந்தது. அடியில் பென்சிலால் எழுதியிருந்தான்:

"கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே விழுந்தது, டீச்சர். அவர் ஓடிப் போனார். எட்டவில்லை. விழுந்துவிட்டார். பிறகு எழுந்து எதிராளிக்குக் கை கொடுத்தார்."

ஐந்து வாக்கியங்கள். ஐந்தும் வினைமுற்றில் முடிந்திருந்தன. 'மிக நன்று' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

மீண்டும் சந்திப்போம். உங்கள் வீட்டில், உங்கள் வகுப்பில் இதுபோல் நடந்திருந்தால் எழுதுங்கள்.